ஒரு மாம்பழமும் ஒரு சொல்லும்

மத்தியப் பள்ளிகளில் பணிபுரிவோருக்கும் பயில்வோருக்கும் சொந்த ஊர் ஆண்டுக்கு ஒருமுறைதான் வாய்க்கிறது. தசரா விடுமுறை பத்து நாள்; அதில் பாதி பயணத்திலேயே கழிந்துவிடும். பொங்கலுக்குப் பெரும்பாலும் ஒரே நாள்தான். எரிவாயு அடுப்பில் பொங்கல் வைத்து, அது பொங்குவதைக் கைபேசியில் பாட்டிக்குக் காட்டிவிட்டு, மறுநாள் காலை வகுப்பறைக்குப் போய்விடுவோம். மே மாதம் தொடங்கும் கோடை விடுமுறை ஒன்றுதான் ஏறத்தாழ 40 நாள் நீள்வது. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்கும்.

நான் பணியாற்றும் ஊர் நாகபுரி. என் தாய்வீடு ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், காணிப்பாக்கத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இருக்கிறது. நாகபுரியில் கேரளா விரைவு வண்டியில் ஏறி, ஓர் இரவைக் கழித்தால் சித்தூரில் இறங்கலாம். அங்கிருந்து காணிப்பாக்கம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். காணி என்பது ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மிகுந்த பழைய நில அளவு. பாக்கம் என்று முடியும் ஊர்கள் சென்னையைச் சுற்றி எத்தனை உள்ளன என்று உங்கள் பெற்றோரைக் கேட்டால், விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஊர்ப்பெயர் தமிழாக இருக்க, பேருந்துப் பலகையில் எழுத்து தெலுங்காக இருப்பது வெளியூரார்க்கு வியப்பளிக்கும். சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் உருவானது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது, சித்தூர் திரும்பவில்லை. என் தாய் பிறந்தபோது அவர் ஊர் சென்னை மாநிலத்தில் இருந்தது. அவர் தவழ்ந்து எழுந்து நடப்பதற்குள் அது ஆந்திரமாகிவிட்டது. வீட்டுக்குள் அவருக்குத் தமிழ்; வாசற்படியைத் தாண்டினால் தெலுங்கு. "உனக்குக் கனவு எந்த மொழியிலம்மா வரும்?" என்று ஒருமுறை கேட்டேன். "கனவில் யார் வருகிறார்களோ அவர்கள் மொழியில்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்றே அழைப்போம். இந்தியில் 'ஆயா' என்றால் 'வந்தான்' என்று பொருள். என் குழந்தைகள் நாகபுரியில் கைபேசியை எடுத்துக்கொண்டு "ஆயா, ஆயா" என்று கூவினால், அண்டை வீட்டார் யாரோ வந்துவிட்டார் என்று கதவைத் திறந்து பார்ப்பதுண்டு.

நான் சொல்லப்போகும் கோடையில் அந்த வீட்டில் ஐந்து குழந்தைகள் இருந்தார்கள். அண்ணனின் மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு எட்டு. என் மகளுக்கு ஒன்பது, மகனுக்கு ஐந்து. வேலூரிலிருந்து வந்த தங்கையின் மகளுக்கு மூன்று. என் கணவருக்கு விடுமுறை கிடைக்காததால் கடைசி வாரத்தில்தான் வந்தார். ஐந்து குழந்தைகளுக்கு ஒரே குளியலறை, ஒரே ஊஞ்சல். இரவு மொட்டைமாடியில் பாய் விரித்தால், யார் ஓரம், யார் நடு என்ற வழக்கு முடிவதற்குள் நிலவு உச்சிக்கு வந்துவிடும். நாகபுரியில் மூன்று வாய்க்குமேல் உண்ண மறுக்கும் என் மகன், ஆயா வட்டமாக உட்காரவைத்துக் கையில் உருட்டித் தரும் தயிர்ச்சோற்றை ஏழெட்டு உருண்டை உண்டுவிட்டு எட்டாவதற்கும் கை நீட்டுவான். அதே அரிசி, அதே தயிர்தான். தட்டுக்கும் உள்ளங்கைக்கும் உள்ள வேறுபாட்டை எந்த ஊட்டச்சத்து நூலும் எனக்கு விளக்கியதில்லை. அண்ணி மட்டும் அவ்வப்போது சொல்வார்: "விடுமுறை குழந்தைகளுக்குத்தான், அடுப்புக்கு இல்லை." அது உண்மை. மூன்று வேளையும் பன்னிரண்டு இலை விழும் வீட்டில், பெண்கள் உட்காரும் நேரம் பிற்பகல் மூன்று மணிக்குமேல் அரைமணி நேரம்தான்.

பெரிய பிள்ளைகள் மூவரும் தமக்குள் ஒரு கூட்டணி அமைத்துக்கொண்டார்கள். என் மகன் அதில் சேர்க்கப்படவில்லை. அவன் தமிழைப் புரிந்துகொள்வான். பேசுவதற்கு அவனிடம் சொற்கள் இருந்தன, அவற்றைக் கட்டும் கயிறு இல்லை. ஆகவே அவன் எதிர்வீட்டுத் தெலுங்குப் பையனோடு விளையாடப் போய்விட்டான். ஐந்து வயதில் விளையாட்டுக்கு மொழி முன்நிபந்தனை அன்று. இரண்டு வாரத்தில் அவன் வாயில் தெலுங்குச் சொற்கள் உதிரத் தொடங்கின.

சித்தூர்ப் பக்கம் மாம்பழ நாடு. கிளிமூக்கு மாங்காயைச் சாறு பிழியும் ஆலைகளுக்குக் கொண்டுசெல்லும் வண்டிகள் சூன் மாதத்தில் சாலையில் வரிசைகட்டி நிற்கும். எங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பது ஓர் இமாம்பசந்து மரம். அது அவ்வாண்டு மிகக் குறைவாகவே காய்த்திருந்தது. அண்ணன் பதினோரு காய்களைப் பறித்து வைக்கோலில் பழுக்கப் போட்டிருந்தார். முதற்பழம் காணிப்பாக்கத்துப் பிள்ளையாருக்கு. அவருக்குப் படைக்கும்வரை வீட்டில் எவரும் தொடுவதில்லை. ஒரு மாலை அவர் வைக்கோலை விலக்கியபோது பத்துப் பழங்களே இருந்தன. கொட்டை மட்டும் ஊஞ்சலுக்கு அடியில் கிடந்தது.

"யார் தின்றது?" என்று அண்ணன் கேட்டார். ஐவரும் வரிசையாக நின்றார்கள். என் மகன்தான் முதலில் வாய் திறந்தான். பக்கத்தில் நின்ற மாமன் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "தின்னான்" என்றான்.

எல்லார் பார்வையும் எட்டு வயதுப் பையன்மேல் திரும்பிற்று. முந்தைய ஆண்டும் அவன் இப்படி ஒரு பழத்தைத் தின்று அகப்பட்டவன். "நான் இல்லை, நைனா" என்று அவன் அழுதான். அப்பாவை நைனா என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன் அடிக்கவில்லை. அதைவிடக் கடுமையான ஒன்றைச் சொன்னார்: "நாளை காணிப்பாக்கத்திற்குப் போகிறோம். பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்து சொல்."

இதன் கனம் அப்பகுதியில் வளர்ந்தவர்க்கே முழுதும் விளங்கும். காணிப்பாக்கத்து வரசித்தி விநாயகர் கிணற்றில் தாமாகத் தோன்றியவர், ஆண்டுதோறும் வளர்பவர் என்பது நம்பிக்கை. கண் தெரியாத ஒருவர், காது கேளாத ஒருவர், வாய் பேசாத ஒருவர் ஆகிய மூன்று சகோதரர்கள் கிணறு தோண்டியபோது மண்வெட்டி சிலையில் பட்டு, நீர் குருதியாயிற்று என்றும், அந்நீர் பட்டு மூவர் குறையும் நீங்கிற்று என்றும் தலபுராணம் கூறும். கோயிலை எழுப்பியவன் முதற் குலோத்துங்க சோழன் என்பர். கொடுத்த கடனை இல்லையென்பவனையும், திருட்டை மறுப்பவனையும் இங்கே அழைத்து வருவார்கள். குளத்தில் மூழ்கி எழுந்து சன்னிதியில் நின்று சத்தியம் செய்தால் வழக்கு அத்தோடு தீர்ந்தது. குடியை விடுவதாகச் சத்தியம் செய்ய வருவோரும் உண்டு. அரசியல்வாதிகள்கூட மேடையில் "காணிப்பாக்கத்துக்கு வரத் தயாரா?" என்று ஒருவரையொருவர் அறைகூவி அழைப்பார்கள். வளர்ந்தவர்களே கால் நடுங்கும் இடம் அது.

அன்று இரவு மாடியில், அண்ணனின் மகள் தம்பிக்கு ஆற்றின் கதையையும் சொல்லிவிட்டாள். கோயிலருகே ஓடும் ஆற்றுக்குப் பாகுதா என்று பெயர். சங்கன், லிகிதன் என்னும் இருவர் யாத்திரையாக வந்தார்கள். பசி தாங்காத தம்பி லிகிதன் வழியில் ஒரு மாம்பழத்தைக் கேளாமல் பறித்துத் தின்றான். அண்ணன் சங்கன் அதை அரசனிடம் முறையிட, அரசன் லிகிதனின் கைகளை வெட்டச் செய்தான். பிறகு அவன் இவ்வாற்றில் மூழ்கியபோது கைகள் மீண்டும் முளைத்தன. பாகு என்றால் தோள், கை. கையைத் தந்த ஆறு பாகுதா. கை முளைத்த பகுதியை அவள் சொன்னாளோ இல்லையோ, தம்பிக்கு வெட்டிய பகுதி மட்டுமே காதில் விழுந்தது. அவன் இரு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு சுருண்டு படுத்திருந்தான். என் மகன் அவனருகே போய், தோளைத் தட்டித் தட்டி "தின்னான், தின்னான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் அழுகை ஒவ்வொரு தட்டுக்கும் கூடியது. கடைசியில் என் மகளே தம்பியை இழுத்துக்கொண்டு வந்து என்னருகே படுக்கவைத்தாள்.

விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிட்டுக்கொண்டிருந்த ஆயாவின் காதில், எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பேச்சு விழுந்தது. என் மகன் அந்தத் தெலுங்குப் பையனிடம் கைகளை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். "நேனு தின்னானு" என்றான். ஆயா கோலமாவுக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். "அடேய், உன் மகனைக் கோயிலுக்கு இழுக்காதே. இவன் நேற்றிலிருந்து 'நான்தான் தின்றேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். உங்கள் ஒருவருக்கும் காது கேட்கவில்லை" என்றார்.

தமிழாசிரியையாகிய எனக்கு அந்த நொடியில் இலக்கணம் முழுவதும் ஒரு சொல்லில் வந்து நின்றது. இந்தியில் 'மைனே காயா' என்றால் நான் தின்றேன்; 'உஸ்னே காயா' என்றால் அவன் தின்றான். தின்றவர் மாறினாலும் வினைச்சொல் மாறுவதில்லை. தமிழில் வினையின் வால்தான் ஆளைக் காட்டும்: தின்றேன், தின்றாய், தின்றான். தெலுங்கிலும் அப்படியே வால் உண்டு. ஆனால் அங்கே 'தின்னானு' என்றால் 'நான் தின்றேன்', 'தின்னாடு' என்றால்தான் 'அவன் தின்றான்'. பேச்சுத் தமிழின் 'தின்னான்' என்பதற்கும் தெலுங்கின் 'தின்னானு' என்பதற்கும் இடையே இருப்பது ஓர் உகரம். இந்தியில் வளர்ந்து, தெலுங்கில் விளையாடி, தமிழில் பதில் சொன்ன குழந்தை அந்த உகரத்தை விட்டுவிட்டான். அவன் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள முயன்ற ஒவ்வொரு முறையும் அது மாமன் மகன் தலையில் போய் விழுந்தது. அவன் சட்டையைப் பிடித்தது காட்டிக்கொடுக்க அன்று, பயத்தில் ஒண்டிக்கொள்ள.

அண்ணன் சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கடவுளுக்கு வைத்த பழம் அல்லவா அம்மா?" என்று மட்டும் கேட்டார். "பழத்துக்காகத் தம்பியோடு போட்டி போட்டு, அப்பா அம்மாவைச் சுற்றிவந்து அதை வாங்கிக்கொண்டவர்தானே அவர்? ஒரு குழந்தையின் ஆசை அவருக்குத் தெரியாததா? இருக்கிற பத்தைக் கொண்டுபோ. குழந்தைகள் வாயில் மட்டும் சத்தியம் வாங்காதே" என்றார் ஆயா.

ஆகவே நாங்கள் கோயிலுக்குப் போனோம். சத்தியத்திற்கு அன்று, விடுமுறைக்குப் போவதுபோல. கூட்டம் மிகுதி. சன்னிதி நெருங்கியபோது அண்ணன் தம் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டார். எட்டு வயதுப் பையன் கனமாகவே இருந்திருப்பான். வெளியே வரும்வரை அவர் இறக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்கவில்லை. பையன் தந்தையின் நெற்றி வியர்வையைத் தன் சட்டை முனையால் துடைத்துவிட்டான்.

அன்று பாகுதாவில் நீரைவிட மணலே மிகுதி. அங்கே நின்று, இக்கதை மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் வேறுவிதமாக வருகிறது என்று குழந்தைகளுக்குச் சொன்னேன். அங்கே லிகிதன் உண்பது வழிப்போக்கில் பறித்த மாம்பழத்தை அன்று. தன் அண்ணனின் ஆசிரமத்துப் பழங்களையே. "கேளாமல் எடுத்தது திருட்டு, அரசனிடம் சென்று தண்டனை பெறு" என்கிறான் சங்கன். அவனும் தானே போய்ச் சுத்யும்னன் என்ற அரசனிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறான். கைகள் திரும்ப வந்தபின், "இவ்வளவு தவ வலிமை உள்ள நீயே என்னை முன்பே தூயவனாக்கியிருக்கலாமே?" என்று அண்ணனைக் கேட்கிறான். "தண்டிக்கும் அதிகாரம் எனக்கில்லை, அது அரசனுக்கே உரியது" என்பது சங்கனின் விடை.

"அண்ணன் வீட்டுப் பழம்தானே? தம்பி தின்றால் என்ன?" என்றாள் என் மகள். "கேட்டிருக்கலாமே" என்றாள் அண்ணனின் மகள். வகுப்பில் இக்கதையைச் சொல்லும்போதும் மாணவர்கள் இப்படித்தான் இரண்டாகப் பிரிவார்கள். நீதி நூலார் சங்கனைப் புகழலாம். எனக்கு அவன்மேல் இன்றும் வருத்தம் தீரவில்லை. என் மகன் மட்டும் தன் கைகளை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து மாமன் மகனே அவனுக்கு ஆசான் ஆனான். பெரியவர்கள் கூட்டணியில் அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். "நீ செய்ததைச் சொன்னால் கடைசியில் தேன் வரணும்டா. எடுத்தேன், கடித்தேன், பறித்தேன். தேன் வந்தால் நான், வராவிட்டால் வேறு ஆள்" என்று ஊஞ்சலில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவான். நன்னூல் வழி நான் நடத்தும் பாடத்தைவிட அது விரைவாக ஏறியது. எஞ்சிய இரண்டு வாரமும் வீட்டில் தேன் மழைதான். "குளித்தேன், படித்தேன், அடித்தேன்" என்று அவன் செய்ததும் செய்யாததும் எல்லாம் அவன் பெயருக்கே வரவாயின.

புறப்பட்ட நாளில் ஆயா சித்தூர் நிலையம்வரை வந்தார். வைக்கோலில் சுற்றிய கிளிமூக்கு மாங்காய் ஒரு கூடை, எலுமிச்சை ஊறுகாய் ஒரு புட்டி. வண்டி நகர்ந்ததும் அவர் முந்தானையை முகத்தில் ஒற்றிக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். என் மகன் சன்னல் கம்பியில் நெற்றியை அழுத்தி, நடைமேடை முடியும்வரை பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்.

"அம்மா, ஆயா அழுதேன்."

அவன் அக்காள் வாய் திறந்தாள். பின் என்ன நினைத்தாளோ, திருத்தாமல் கூடையிலிருந்து ஒரு மாங்காயை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.