எஸ்க்ரோவில் போட்ட பணம்

20.11.2024, புதன்
விடிவதற்குள் மகளின் போன். நியூஜெர்சி வீட்டுக்கு வரி பாக்கி என்று டவுன் ஆபீஸ் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறதாம். அங்கே பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் முதல் தேதிகளில் தவணை. 10 நாள் சலுகை. அதுவும் தாண்டிவிட்டது. "மாசாமாசம் கட்டிட்டுத்தானேப்பா இருக்கேன்!" என்று அழாத குறை. வீட்டுக் கடன் தவணையோடு வரிப் பணத்தையும் வாங்கி, எஸ்க்ரோ என்ற கணக்கில் வைத்திருந்து, கெடுவுக்குள் கடன் கம்பெனியே டவுனுக்குக் கட்ட வேண்டும். அக்டோபரில் கடன் வேறு கம்பெனிக்குக் கைமாறியிருக்கிறது. பழையவன் புதியவனைக் காட்டுகிறான். புதியவன் "பார்க்கிறோம்" என்கிறான்.

21.11.2024
மொய்ப் பணத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பி, நோட்டில் நம் பெயர் ஏறாமல் போன கதைதான். கல்யாண வீட்டார் நம்மைத்தான் கேட்பார்கள். டவுனுக்கும் வீட்டின் சொந்தக்காரிதான் பாக்கிதாரர். 1,500 டாலர் வரை 8 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் வட்டி போட அந்த மாநிலச் சட்டம் இடம் தருகிறது. நம் ஊர்க் கந்து வட்டியை நினைத்தால் குறைவுதான். ஆனால் செய்யாத தப்புக்கு எதற்கு?

23.11.2024, சனி
மச்சான் வந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா. பாரீஸ் பக்கம் ஒரு வீடு உண்டு. "தாக்ஸ் ஃபோன்சியேர்னு வீட்டு வரிச் சீட்டு என் பேருக்கு வரும், அக்டோபர் நடுவுல நானே கட்டிடுவேன். இதுல பாங்குக்கு என்ன வேலை?" என்றார். புதுச்சேரியிலும் அப்படித்தான். நான் கடன் வாங்கியபோது பாங்க் வீட்டு வரி ரசீதைக் கேட்டதே தவிர, வரி கட்டுவது என் பாடாகவே இருந்தது. நகராட்சியில் கட்டினால் ரசீது கைக்கு வரும். அந்தத் திருப்தி பெரிது.

25.11.2024
போனில் கத்திப் பயனில்லை, எழுதிக் கொடு என்றேன். அமெரிக்காவில் வீட்டுக் கடன் நடைமுறைக்கென்று 1974இல் வந்த ரெஸ்பா சட்டமும் அதன் விதிகளும் மகள் பக்கம்தான். கடன் தவணை 30 நாளுக்கு மேல் பாக்கி இல்லையென்றால், எஸ்க்ரோவில் பணம் போதாவிட்டாலும் கம்பெனி கைப்பணம் போட்டு வரியைக் கட்ட வேண்டும். 'தவறு நடந்திருக்கிறது' என்று எழுத்தில் கொடுத்தால் 5 வேலை நாளில் ஒப்புகை, பொதுவாக 30 வேலை நாளில் பதில். இதற்கென்று கம்பெனி தனி முகவரி அறிவித்திருந்தால் அங்கேதான் அனுப்ப வேண்டும். டவுன் நோட்டீஸ், தவணை கட்டிய அத்தாட்சி இரண்டையும் இணைத்து அனுப்பிவிட்டாள்.

27.11.2024
இது புதுக் கதையல்ல. மிஸ்டர் கூப்பர் என்ற பெயரில் தொழில் நடத்திய நேஷன்ஸ்டார் என்ற வீட்டுக் கடன் கம்பெனி மீது அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2020 டிசம்பரில் தொடுத்த வழக்கில், எஸ்க்ரோவிலிருந்து சொத்து வரியை நேரத்தில் கட்டாததும் ஒரு குற்றச்சாட்டு. 40,000க்கும் மேற்பட்ட கடன்தாரர்களுக்குச் சுமார் 7.3 கோடி டாலர் தருவதாக வழக்கு முடிந்தது.

1.12.2024, ஞாயிறு
ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரண்ட் இல்லை, போன் இல்லை. நியூஜெர்சி மறந்தே போனது.

13.12.2024
வரியும் வட்டியும் கட்டியாகிவிட்டது. வட்டியைப் புதிய கம்பெனியே ஏற்றுக்கொண்டது. கடிதம் போகாமல் இருந்தால் அதையும் எஸ்க்ரோவில் பற்று எழுதியிருப்பார்கள் என்பது என் எண்ணம். பிப்ரவரித் தவணையைக் கம்பெனி சொல்வதை நம்பி விடாதே, டவுன் வரிப் பக்கத்தில் நீயே பார் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.