ஒன்பதரை மணி வெயில்

“நான் தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். எனக்கு எப்படி வைட்டமின் டி குறையும்?” ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. எங்கள் குடியிருப்பிலேயே பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள்மேல் தப்பில்லை. இளவெயில் உடம்புக்கு நல்லது, ஏறுவெயில் ஆகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்? ஐந்தரைக்குக் கிளம்பி வெயில் வருவதற்குள் திரும்பிவிடுகிறவர்களுக்கு நடையின் பலன் முழுதாகக் கிடைக்கிறது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது அருமருந்து. வைட்டமின் டி மட்டும் கிடைப்பதில்லை.

நம் தோலில் இந்த வைட்டமினை உண்டாக்குவது வெயிலின் சூடோ வெளிச்சமோ அல்ல. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களில் ‘பி’ வகை. சூரியன் தாழ்வாக இருக்கும்போது கதிர்கள் காற்று மண்டலத்துக்குள் சாய்வாக நெடுந்தூரம் வர வேண்டியிருக்கிறது. ‘பி’ வகையில் பெரும்பகுதியை ஓசோன் வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. திருப்பதியில் டாக்டர் சி.வி. ஹரிநாராயண் நடத்திய ஆய்வுகளில், 11 மணியிலிருந்து 2 மணி வரையிலான வெயிலில்தான் வைட்டமின் டி அதிகம் உருவாகிறது என்று தெரிந்தது.

அதற்காக, எழுபது வயதுக்காரரைக் கத்திரி வெயிலில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வெப்பவாதம் உயிரையே வாங்கிவிடும். கடிகாரத்தைவிட நிழலைப் பார்ப்பது நல்லது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் அந்த வெயில் போதும். சென்னையில் சித்திரை மாதம் காலை ஒன்பது மணிக்கே நிழல் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். மார்கழியில் பத்தேகால் ஆகும். கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை என்று வைத்துக்கொண்டால் உச்சிவெயிலுக்குப் போகவே வேண்டாம். ஆனால் வெட்டவெளி வேண்டும். கண்ணாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பேப்பர் படித்தால் வெயில் உறைக்குமே தவிர, அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது.

என் அத்தை மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு மகன் வீட்டோடு வந்தவர். ஊரில் இருந்தவரை மாசி, பங்குனியில் பாதிப் பகல் அவருக்கு மொட்டைமாடியில்தான் கழியும். வேட்டியை விரித்து வடாம் பிழிந்துவிட்டு, காக்காய் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வைட்டமின் என்ற பேச்சே அப்போது கிடையாது. இங்கே மூன்றாவது மாடி ஃபிளாட். மொட்டைமாடிக் கதவில் பூட்டு, சாவி செக்யூரிட்டியிடம்.

இரண்டு மூன்று வருடங்களில் அத்தை சோபாவிலிருந்து எழும் விதமே மாறிப்போனது. முதலில் நுனிக்கு நகர்ந்து வருவார். இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து, ஒரு ஆட்டு ஆட்டி எழுவார். படி ஏறும்போது கால் ஏற்றாது. கைதான் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்கும். ‘வாயு’ என்றார்கள், ‘வயசானா அப்படித்தான்’ என்றார்கள். வைட்டமின் டி வெகுவாகக் குறைந்தால் எலும்பு மட்டுமல்ல, இடுப்பையும் தொடையையும் சுற்றிய தசைகளும் தளர்கின்றன. பாத்ரூமில் கால் தடுமாறி இடுப்பெலும்பு முறிவதன் முதல் அத்தியாயம் பலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது. அத்தைக்குப் பரிசோதித்தபோது அளவு 9. இருபதுக்குக் கீழே போனாலே குறைபாடு.

மாத்திரை மருந்தோடு வெயிலும் படட்டும் என்று மாடிக்குக் கூப்பிட்டால், “இந்த வயசுல வெயில்ல நின்னு நான் என்னடி பண்ணப்போறேன்? தலை சுத்தும், கறுத்தும் போயிடுவேன்” என்றார். கறுத்துப்போகிற பயம் எழுபத்து நாலு வயதிலும் விடுவதில்லை. இந்த மனப்போக்கை நாம்தான் பெண்களுக்குச் சிறுவயதிலிருந்தே ஊட்டி வளர்த்தோம். தலை சுற்றும் பயம் அப்படியல்ல, அது நியாயமானது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் வெயிலில் நின்றால் சுற்றத்தான் செய்யும். அதனால் நிற்கச் சொல்லக் கூடாது. நாற்காலி போட வேண்டும், தலைக்குக் குடை வேண்டும், பக்கத்தில் தண்ணீர் வேண்டும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும். முழங்கைக்குக் கீழேயும் காலிலும் வெயில் பட்டால் போதும்.

வெயில் ஒன்றே போதும் என்றும் நான் நம்பவில்லை. வயதாக ஆக, தோலில் இந்த வைட்டமினுக்கான மூலப்பொருளே குறைந்துபோகிறது. எண்பதை நெருங்கியவர்களின் தோல், சிறுவர்களின் தோலோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவாகவே உற்பத்தி செய்கிறது என்று மைக்கேல் ஹோலிக் குழு 1985-லேயே காட்டியது. நம்மைப் போன்ற கருத்த தோலுக்குக் கூடுதல் நேரமும் பிடிக்கும். உணவில் மத்தி மீனும் முட்டை மஞ்சள் கருவும் கொஞ்சம் கொடுக்கும். சைவக்காரர்களுக்கு வழி இன்னும் குறுகல். கூட்டல் குறியோடு ‘எஃப்’ எழுத்துப் போட்ட நீல முத்திரை உள்ள பால், எண்ணெய் பாக்கெட்டுகளில் வைட்டமின் ஏ, டி சேர்த்திருக்கிறார்கள். இதெல்லாம் போதாத முதியவர்களுக்கு மருந்து வேண்டும்தான். 75 வயதைத் தாண்டியவர்களுக்குப் பரிசோதனை இல்லாமலே தினசரிச் சிறு அளவு கொடுக்கலாம் என்று அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2024-ல் பரிந்துரைத்தது.

மருந்தை அமுதமாக நினைக்கவும் வேண்டாம். குறைபாடு உள்ளவர்கள் என்று பார்த்துச் சேர்க்காமல், 25,000-க்கும் அதிகமானவர்களிடம் நடத்திய வைட்டல் ஆய்வில், தினமும் வைட்டமின் டி எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-ல் தெரிந்தது. இன்னொன்றும் எனக்குக் கவலை தருகிறது. 60,000 யூனிட் பொடியைச் சில வாரங்களுக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை, மெடிக்கல் ஷாப்பில் நீட்டி நீட்டி வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது கொழுப்பில் தங்கும் வைட்டமின். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வெயிலில் அந்த ஆபத்து இல்லை. தேவைக்குமேல் உருவாவதைத் தோல் தானே சிதைத்துவிடும்.

அத்தை ஆறேழு மாதத்தில் கையை ஊன்றாமல் எழ ஆரம்பித்தார். பொடி, மாத்திரை, வெயில் மூன்றும் சேர்ந்த பலன் அது. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டியவர் இருந்தால், அவர் நாற்காலியிலிருந்து எழுவதை இன்று ஒருமுறை நின்று கவனியுங்கள். கை ஊன்றித்தான் எழுகிறார் என்றால் வயதின்மேல் பழியைப் போடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில், காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மாடிக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். நான்கு நாற்காலிகளும் கேளுங்கள்.