வாழ்த்து வராத புத்தாண்டு

டிசம்பர் 3, 2024, செவ்வாய்

துக்க அட்டைகளை இன்றுதான் தபாலில் சேர்த்தேன். வீட்டில் ஒரு சாவு விழுந்த ஆண்டில் ஜப்பானியர்கள் புத்தாண்டு வாழ்த்து அனுப்புவதில்லை. சொல்லாமல் சும்மா இருந்துவிடுவதும் இல்லை. ‘நாங்கள் துக்கத்தில் இருக்கிறோம், அதனால் இந்த முறை எங்களிடமிருந்து வாழ்த்து வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஓர் அஞ்சலட்டையில் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறார்கள். மோச்சூ ஹகாகி என்று அதற்குப் பெயர். டிசம்பர் தொடக்கத்துக்குள் அது போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மற்றவர்கள் வாழ்த்து அட்டை எழுத உட்காருவதற்குள் விஷயம் தெரிந்தால்தானே அவர்கள் நமக்கு எழுதாமல் இருக்க முடியும்?

அப்பா ஆடியில் போனார். பாளையங்கோட்டையில் காரியமெல்லாம் முடித்து, டோக்கியோவில் நாங்கள் இருக்கும் நிஷிகசாய் திரும்பிய பிறகு, இங்கே நெருங்கிய சிலரைத் தவிர யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. ஆண்டுதோறும் எங்களுக்கு அட்டை போடும் குடும்பங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று எடுத்துச் சொன்னவர் நான்காம் மாடியில் தனியாக வசிக்கும் பாட்டி. கடைக்குக் கூடவே வந்து மாதிரிகளைப் புரட்டிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு தாமரை, அதற்கு மேலே நான்கைந்து வரி. இறந்தவர் யார், என்ன வயது, எந்த மாதம். இந்த ஆண்டு காட்டிய அன்புக்கு நன்றி. குளிர் கூடுகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். அந்த வரிகளில் முற்றுப்புள்ளியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை. இப்படிப்பட்ட முறையான அட்டைகளில் நிறுத்தக்குறி போடுவது வழக்கமில்லையாம். அப்பாவின் பெயரை ஜப்பானிய எழுத்தில் அச்சுக்குக் கொடுத்தபோது கை கொஞ்சம் நின்றது. ‘எண்பத்தொரு வயது’ என்று பாட்டியே சொல்லி எழுத வைத்தார்.

தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் ஒரு கட்டு புத்தாண்டு அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அட்டைகள் நவம்பரிலேயே விற்பனைக்கு வந்துவிடும். வாங்கி வைத்த பிறகு வீட்டில் யாராவது இறந்துவிட்டால், தபால் நிலையத்தில் ஒரு படிவம் எழுதிக் கொடுத்து அவற்றைச் சாதாரண அட்டைகளாக மாற்றிக்கொள்ளலாம். வேறு காரணத்துக்கு மாற்றினால் கட்டணம் உண்டு, சாவுக்கு இல்லை. கவுன்டரில் இருந்த பெண் படிவத்தை வாங்கிக்கொண்டு தலை தாழ்த்தி ஒரு வார்த்தை இரங்கல் சொன்னார். தபால் நிலையப் படிவம் ஒன்றில் துக்கத்துக்கும் ஓர் இடம் ஒதுக்க யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. காலையில் அத்தை பேசினாள். “ஏ பிள்ள, வாசல்ல தண்ணி தெளிச்சதோட சரி. பூசணிப் பூ வைக்கலை. தெருவே கோலமா இருக்கு, நம்ம வாசல் மட்டும் வெறிச்சுனு இருக்கு.” தீபாவளிக்கு நம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை என்பதால் சொந்தக்காரர்கள் அதிரசமும் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்களாம். “தூக்குவாளியில கொண்டாந்து வெச்சிட்டு, வாழ்த்தும் சொல்லாம ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க.”

அதைக் கேட்டதிலிருந்து மனம் அங்கேயே சுற்றுகிறது. துக்க வீட்டுக்கு நாம் பலகாரம் கொடுக்கிறோம், பக்கத்தில் போய் உட்காருகிறோம். ஆனால் சொல்வதற்கு ஒரு வார்த்தை நம்மிடம் இல்லை. வாழ்த்து சொல்லக் கூடாது என்று மட்டும் தெரியும். உள்ளூரில் இருப்பவர்கள் தூக்குவாளியோடு போய்விடுவார்கள், தூரத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது?

அப்பாவுக்குப் பொங்கல் வாழ்த்து என்றால் உயிர். மார்கழி பாதி ஆனதும் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போவார். நெல்லையப்பர் கோயில் ரத வீதிக் கடைகளில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். கரும்பும் பானையும், ஏர் மாடுகள், எம்.ஜி.ஆர்., சிவாஜி, பிறகு ரஜினி, கமல். ஜிகினா ஒட்டிய அட்டை ஒரு விலை, ஒட்டாதது ஒரு விலை. அப்பா மொத்தமாக ஒரே அட்டையை வாங்கியதே இல்லை. அத்தைக்கு எது, கோவில்பட்டி மாமாவுக்கு எது, கூட வேலை பார்த்த வாத்தியார்களில் யாருக்கு எது என்று நின்று நிதானமாகப் பொறுக்குவார். உறையை ஒட்டாமல் மூடியை உள்ளே செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதினால் தபால் தலைச் செலவு குறையும். அந்த இரண்டு வார்த்தையை எழுதுவது என் வேலை.

இப்போது ஒரே படம் ஒரே நேரத்தில் நூறு பேருக்குப் போகிறது. அதில் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது, எத்தனையோ பேர் நம்மை நினைக்கிறார்கள் என்று தெரிகிறது. ஆனால் அப்படிப் போகும் வாழ்த்து துக்க வீட்டையும் கல்யாண வீட்டையும் பிரித்துப் பார்க்காது. இந்தத் தீபாவளிக்கு என் கைப்பேசியில் வந்து விழுந்த மத்தாப்புகளில் பாதி, அப்பா போனது தெரிந்தவர்கள் அனுப்பியவை.

டிசம்பர் 25, புதன்

இங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை நாள் இல்லை. கணவர் வேலைக்குப் போய்விட்டார். ரயில் நிலையத்தருகே பொரித்த கோழி வாங்க நீண்ட வரிசை. அந்தப் பழக்கம் கே.எஃப்.சி.காரர்கள் 1974இல் தொடங்கிய விளம்பரத்தால் வந்தது. மகள் ஸ்ட்ராபெரி வைத்த கேக் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரி முதல் நாளே போய்ச் சேர வேண்டுமென்றால் வாழ்த்து அட்டையை இன்றைக்குள் போட்டாக வேண்டும். 15ஆம் தேதியிலிருந்தே தபால் பெட்டிகளில் இரண்டு வாய்களில் ஒன்றைப் புத்தாண்டு அட்டைக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுகிறார்கள். நான் அந்தப் பக்கம் நடந்தேன், போட ஒன்றும் இல்லாமல்.

ஜனவரி 1, 2025, புதன்

காலையில் கட்டடத்து வாசலில் சிவப்பு வண்டி வந்து நின்றது. இந்த ஒரு நாளுக்காக நாடு முழுவதும் பள்ளி மாணவர்களைக்கூடத் தற்காலிக வேலைக்கு எடுக்கிறார்கள். அட்டைகளை டிசம்பரிலேயே வீடு வாரியாகப் பிரித்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்துவிடுவார்கள். எல்லோருடைய பெட்டியிலும் பாம்புப் படம் போட்ட கட்டு விழுந்தது, இது பாம்பு ஆண்டு. எங்கள் பெட்டியில் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்பதை இன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். மறதியால் வந்த வெறுமை கிடையாது இது. அட்டை எழுத உட்கார்ந்த ஒவ்வொரு வீட்டிலும் எங்கள் பெயர் வந்தபோது யாரோ ஒருவர் கையை நிறுத்தியிருக்கிறார். ‘இவர்களுக்கு இந்த ஆண்டு வேண்டாம்’ என்று பட்டியலிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார். அப்படித் தள்ளி வைக்கவும் எங்களை நினைத்துத்தானே ஆக வேண்டும்?

இந்த அட்டைகளின் அடியில் குலுக்கல் எண் அச்சிட்டிருக்கும். 1949 இறுதியில் தொடங்கிய வழக்கம் அது. போர் முடிந்து நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஊர்கள் எரிந்து, மக்கள் சிதறி, யார் உயிரோடு இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாத காலம். புத்தாண்டு அட்டை மறுபடி புழங்கினால் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியவருமே, பரிசு வைத்தால் எல்லோரும் எழுதுவார்களே என்று அரசு வேலையில் இல்லாத ஒரு சாதாரண மனிதர் யோசனை சொன்னார். முதல் குலுக்கலின் பெரிய பரிசு தையல் இயந்திரம். துணி கிடைக்காத நாளில் அது எவ்வளவு பெரிய பொருள்! அதனால்தான் புத்தாண்டு வாழ்த்து என்பது இங்கே ‘நான் இருக்கிறேன், நீங்கள் இருக்கிறீர்களா?’ என்று கேட்பதாகவும் எனக்குப் படுகிறது.

போன ஆண்டு இதே நாள் அந்தக் கேள்வியை எல்லோரும் வாய்விட்டே கேட்டோம். மாலை 4.10. ஊரில் மதியச் சாப்பாட்டு நேரம், அப்பா காணொளி அழைப்பில் பேத்திக்கு வாழ்த்து சொல்லிக்கொண்டிருந்தார். கைப்பேசிகள் அலறின. கட்டடம் மெதுவாக, வெகு நேரம் ஆடியது. வடமேற்கே நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவு நிலநடுக்கம். தொலைக்காட்சியில் செய்தி வாசித்த பெண், அதுவரை கேட்டறியாத உரத்த குரலில், இதைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மேட்டுக்கு ஓடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதுவரை வந்துகொண்டிருந்த வாழ்த்துகள் எல்லாம் “பத்திரமா?” என்று மாறின. அப்பா அழைப்பைத் துண்டிக்கவே இல்லை. “பேசாட்டாலும் பரவால்ல, போனை அப்படியே வையி” என்றார்.

நோட்டோ மக்களுக்கு அந்தத் துயரம் அதோடு தீரவில்லை. செப்டம்பரில் பெருமழை கொட்டி, தற்காலிக வீடுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. இன்று மாலை 4.10க்கு அங்குள்ள வாஜிமா நகரில் கூடி அஞ்சலி செலுத்தியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கறுப்பு உடையில் மனிதர்கள், வெறும் கைகள். நாடு முழுவதும் வாழ்த்து அட்டை பிரித்துக்கொண்டிருக்கும் நாளில் அந்த ஊருக்கு மட்டும் இனி ஜனவரி 1 என்பது திவச நாள்.

ஜனவரி 10, வெள்ளி

பெட்டியில் அட்டைகள்!

ஏழாம் தேதியோடு இங்கே புத்தாண்டுக் கொண்டாட்டம் முடிகிறது. அன்று ஏழு வகைக் கீரை போட்ட கஞ்சி குடித்து, வாசல் அலங்காரத்தைக் கழற்றுவார்கள். அதன் பிறகு பிப்ரவரி தொடக்கத்தில் வரும் வசந்தப் பிறப்பு வரை வேறொரு அட்டைக்குக் காலம். கன்சூ மிமாய் என்று பெயர், கடுங்குளிரில் நலம் விசாரிப்பது. துக்க அட்டை பெற்றவர்கள் இப்போதுதான் எழுதுகிறார்கள். பாம்பு இல்லை, சிவப்பு இல்லை, குலுக்கல் எண் இல்லை. வெள்ளைப் பின்னணியில் ஒரு பிளம் கிளை, அல்லது பனி.

மகளின் பழைய ஆசிரியை எழுதியிருக்கிறார். “உங்கள் தந்தையின் மறைவை அறியாமல் இருந்துவிட்டேன். அவர் உங்கள் மகளுக்குச் சொன்ன யானைக் கதையை அவள் வகுப்பில் எல்லோருக்கும் சொன்னாள், எனக்கு நினைவிருக்கிறது. கடுங்குளிராக இருக்கிறது, வெதுவெதுப்பாக இருங்கள்.” அந்த யானைக் கதை வகுப்பு வரை போனது எனக்கே தெரியாது. அப்பா கடல் தாண்டி வந்ததில்லை. அவருடைய கதை எடோகாவா வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் புழங்கியிருக்கிறது.

நான் தேடிக்கொண்டிருந்த வார்த்தை இதுதான். வாழ்த்தின் ஆரவாரம் இதில் இல்லை, இழவு விசாரிப்பின் கனமும் இல்லை. பண்டிகையை ஒதுக்கிவிட்டு ஆளை மட்டும் பார்த்துப் பேசுகிற பேச்சு. வாழ்த்து போட முடியாத வீட்டுக்கும் அதே குளிர்காலத்தில் ஒரு முறை வைத்திருக்கிறார்களே, இதை நாமும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகத் தோன்றுகிறது.

ஜனவரி 15, புதன்

நேற்று பொங்கல். பால் பொங்கவில்லை. மூன்று தெரு தள்ளி இருக்கும் மதுரைக்காரத் தோழி டிபன் பாக்ஸில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அக்கா, சூடா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று நான்காம் மாடிப் பாட்டி கூப்பிட்டுச் சிவப்புக் காராமணி போலிருக்கும் அசுகிப் பயறு போட்ட கஞ்சி கொடுத்தார். ஜனவரி 15 இங்கே சிறு புத்தாண்டு. இதையும் நம் பொங்கலையும் இணைத்துப் பேசிய ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞரை அப்பாவுக்கு நன்றாகத் தெரியும், அவரைப் பற்றிய கட்டுரைகளைக் கத்தரித்து வைத்திருந்தார். தமிழும் ஜப்பானியமும் உறவு என்ற அவர் வாதத்தை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இருக்கட்டும். தை பிறந்த மறுநாள் பயறுக் கஞ்சி குடிக்கும்போது அப்பா பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

பாட்டியின் மேசையில் அவருக்கு வந்த அட்டைகள் இருந்தன. முன்பெல்லாம் கைகொள்ளாத கட்டு வருமாம். பலர் ‘வயதாகிவிட்டது, இதுவே என் கடைசி வாழ்த்து அட்டை’ என்று எழுதி முடித்துக்கொள்கிறார்கள். 2004 புத்தாண்டுக்காக அச்சான அட்டைகள் ஏறத்தாழ 445 கோடி, இந்த ஆண்டுக்கு ஏறத்தாழ 107 கோடி. போன அக்டோபரில் அட்டை விலை 63 யென்னிலிருந்து 85 ஆனதும் ஒரு காரணம். ஆனாலும் நிறுத்துவதைக்கூட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கையால் எழுதிச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார்கள். பாட்டி அப்படி வந்த ஓர் அட்டையை எடுத்துக் காட்டி, “பள்ளித் தோழி. இனி தொலைபேசியில் பேசுவாளாம்” என்றார்.

ஜனவரி 20, திங்கள்

குலுக்கல் முடிவு வந்துவிட்டது. மகளின் வகுப்பில் ஒருவனுக்குத் தபால் தலைத் தாள் விழுந்திருக்கிறது, நூற்றுக்கு மூன்று அட்டைக்கு அது விழும். எங்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க எண்கள் இல்லை.

நான் இரவு உட்கார்ந்து ஊருக்கு அட்டைகள் எழுதினேன். பனிப் படம் போட்டவை. அத்தைக்கு ஒன்று. ஐப்பசியில் கணவனை இழந்த, சங்கரன்கோவிலில் இருக்கும் பள்ளித் தோழிக்கு ஒன்று. அவளுக்குப் பொங்கலன்று நான் ஒன்றும் அனுப்பவில்லை, யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். “பொங்கல் கழிந்துவிட்டது. இங்கே குளிர் கடுமையாக இருக்கிறது, அங்கேயும் விடியலில் பனி இறங்கும். காது மூடிக்கொண்டு வெளியே போ. உன் வீட்டுக்காரர் எங்கள் கல்யாணத்தில் பந்தியை முழுக்க ஒற்றை ஆளாக நின்று கவனித்தார், அப்பா அதைக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். மாசியில் ஊருக்கு வருகிறேன். உன் வீட்டுக்கு வருவேன்.” மகள் எட்டிப் பார்த்து, யானைக் கதையை ஒரு வரியாவது அத்தைப் பாட்டிக்கு எழுத இடம் விடச் சொன்னாள். அத்தையின் அட்டையில் கீழ்ப் பாதியை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.