அமாங் போன இடம்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. நம் பெரியவர்களுக்கு அந்தக் காலத்திலேயே கதிர்வீச்சு தெரியுமாம். அதனால்தான் கேஸ் லைட்டின் புது மேண்டிலை வாசலில் வைத்துக் கொளுத்தினார்களாம். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எனக்கு எரிச்சலாக வந்தது. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்ட லயத்தில் காலம் கழித்த என் பாட்டியும் மேண்டிலை வாசலில்தான் கொளுத்துவார். காரணமும் சொல்வார்: வீட்டுக்குள் கொளுத்தினால் நாற்றம் தாங்காது. கதிராவது, வீச்சாவது!

ஆனால் மேண்டிலில் கதிர்வீச்சு உண்டு என்பது மட்டும் கதையில்லை. ‘வைதேகி காத்திருந்தாள்’ படம் பார்த்தவர்களுக்கு மேண்டில் தொட்டால் உதிரும் என்று சொல்லத் தேவையில்லை. செந்தில் கையில் உதிர்ந்த அந்த வெள்ளைப் பொடி தோரியம் ஆக்சைடு. ஆஸ்திரியாக்காரரான ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891இல் நூறில் 99 பங்கு தோரியம், ஒரு பங்கு சீரியம் என்று அளவு கண்டுபிடித்த பிறகுதான் அந்த வெளிச்சம் அவ்வளவு வெள்ளையானது. தோரியம் கதிர் வீசும் என்று மேரி கியூரியும் ஜெர்மனியின் ஷ்மிட்டும் தனித்தனியே கண்டறிந்தது 1898இல். அதற்குள் ஐரோப்பாவில் பல நகரங்கள் இந்த மேண்டில் வெளிச்சத்தில் வாழப் பழகிவிட்டிருந்தன.

சித்தி வீட்டு டிரங்குப் பெட்டியில் பிரிக்காத பழைய மேண்டில் பொட்டலம் ஒன்று கிடைத்தது. பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் நண்பர் கைகர் கருவியோடு வந்தார். மேண்டிலை வெளியே எடுத்துக் கருவியைக் கிட்டே கொண்டுபோனதும் சோளம் பொரிவதுபோல் படபடவென்று சத்தம். இடையில் ஒரு தாளை வைத்தார். சத்தம் கொஞ்சம் தணிந்தது. தாளைத் தாண்ட முடியாதது ஆல்ஃபா. அலுமினியத் தகட்டை வைத்ததும் பெரும்பாலும் அடங்கிவிட்டது, அது பீட்டா. பிறகு காரீயத் தகடு. அப்போதும் ஒன்றிரண்டு தட்டல் வந்துகொண்டே இருந்தது. “இதுதான் காமா” என்றார். தோரியம் சிதைந்து சிதைந்து கடைசிப் படிகளில் தாலியம் 208 சிதையும்போது வரும் காமாக் கதிரின் ஆற்றல் 2.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்பட்ட கோபால்ட் 60 தரும் ஒவ்வொரு கதிரையும்விட ஏறக்குறைய இரு மடங்கு. ஆற்றல் பெரிது, அளவு மிகச் சிறிது. பயப்பட ஒன்றுமில்லை, பொடியை முகர்ந்து உள்ளே இழுக்காதவரை.

சரி, இந்தத் தோரியம் எங்கிருந்து வந்தது?

“எங்க மணல்லேர்ந்துதான்” என்றார் வட சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் நான் பார்த்த பெரியவர். ஊர் பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்த காலத்தில் ஈயம் தோண்டும் கப்பலில் வேலை செய்தவர். மைலோ டின் ஒன்றைக் கொண்டுவந்து நாளிதழ் மேல் கவிழ்த்தார். கருமணல். ஈயத்தைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் அமாங். விரல் நுனியால் பரப்பி, கருப்புக்கு நடுவே தேன் நிறத்தில் கிடந்த மணிகளைத் தனியே தள்ளினார். அது மோனசைட். தோரியம் அதற்குள்தான் இருக்கிறது. அதுவரை அவர் சொன்னதில் தப்பில்லை.

மேண்டில் விஷயத்தில்தான் கணக்கு இடித்தது. மேண்டில் தொழில் கொடிகட்டிப் பறந்த நாளில் ஜெர்மன் ஆலைகளுக்கு மோனசைட் போனது பிரேசில் கடற்கரையிலிருந்து. அந்தப் பிடியை உடைத்தது ஒரு தேங்காய்நார்க் கயிறு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து வந்திறங்கிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். மணலின் ஊரைத் தேடிக் கப்பலேறி வந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது அப்படித்தான்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். அசையவில்லை.

“கயித்துல ஒட்டிக்கிட்டு வந்துச்சா? தம்பி, நாங்க டன் கணக்குல அள்ளுனோம்.”

“ஐயா, காலம் ஒத்துவரலையே.”

“காலம் கெடக்கட்டும். அப்ப எங்க மணலு எங்க போச்சு? அதச் சொல்லு.”

அங்கே நான் மேண்டிலை விட்டேன். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

அமாங்கில் விலைபோனவற்றுள் இல்மனைட், ஜிர்கான், மோனசைட், இட்ரியம் உள்ள செனோடைம் எல்லாம் அடக்கம். இப்படி ஈயச் சுரங்க அமாங்கில் பிரித்த மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களை எடுக்க, ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. ஜப்பானிய மிட்சுபிஷி குழுமத்துக்கு அதில் பெரிய பங்கு. அங்கே வேண்டியது அரிய மண்; தோரியம் வேண்டாத கழிவு. எதற்காக ஷோம்பர்க் கடல் தாண்டி வந்தாரோ, அதையே எங்கே கொட்டுவது என்று தெரியாமல் ஓர் ஆலை விழித்தது. ஊர் மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1993இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனாலும் 1994இல் நிறுவனமே ஆலையை மூடிவிட்டது. கழிவு கிளேடாங் மலைப்பகுதியில் புதைக்கப்பட்டது. தோரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டு வேண்டும்.

புக்கிட் மேரா மக்கள் தங்கள் கதையை நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். வட சிலாங்கூரில் அமாங் அள்ளியவர்களின் கதையை யாரும் வந்து கேட்கவில்லை என்பது பெரியவரின் ஆதங்கம். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது. பெர்ஜுந்தைக் கப்பல்களில் நின்றவர்கள், அமாங் ஆலைகளில் மணல் காயவைத்தவர்கள், சலித்தவர்கள், லாரி ஓட்டியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள். எந்த வருஷம், எந்த ஆலை, லாரி எந்தப் பக்கம் போனது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள்.