வீடு தேடி வரும் உதவி

ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் குறைந்தாலோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் மழையால் கட்டட வேலை நின்றாலோ, முதலில் தள்ளிப்போவது மருந்துச் செலவுதான். மானத்தோடு வாழ்ந்த குடும்பம் அப்போதும் கை நீட்டாது.

அதனால்தான் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1833இல் பாரிஸில் 20 வயது மாணவர் ஃபிரெடரிக் ஓசானாம் நண்பர்களோடு தொடங்கிய கத்தோலிக்கச் சபை. உறுப்பினர்கள் இருவராக வீடு தேடிப் போவார்கள், உட்கார்ந்து பேசுவார்கள். சாதி, மதம் பார்ப்பதில்லை. சபைக் கூட்டத்தில் உதவிப் பணத்துக்காக ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது.

கொடுப்பவர் பெயரும் வாங்குபவர் முகமும் வெளியே தெரியாத உதவிதான் உண்மையான மரியாதை. உங்கள் தெருவில் அப்படியொரு வீடு இருந்தால், பக்கத்துப் பங்குச் சாமியாரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.