வெறுங்கட்டம்

வெலிமடையை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றிலே கணக்கப்பிள்ளையாயிருந்த எம் தந்தையார், செக்றோல் எழுதுங்கால் ஓர் ஒழுங்கைக் கைக்கொள்வார். முழுநாள் உழைத்தோர்க்குப் பேர். பாதிநாள் உழைத்தோர்க்கு அரைப்பேர். வாராதோர்க்கும் ஓர் அடையாளம். எக்கட்டத்தையும் வெறுமையாக விடார். "வெறுங்கட்டத்தைக் கண்டால், ஆள் வரவில்லையா, கணக்கன் மறந்தானா என்று எப்படி அறிவது?" என்பார். கல்லூரி மாணவராயிருந்த எமக்கு அது வீண் பிடிவாதமாகவே தோன்றியது.

பல்லாண்டுகளின் பின், கொழும்பு அலுவலகமொன்றிலே கணினி வலையமைப்பைப் பேணும் பணி எமக்கு வாய்த்தது. தோட்ட மக்களின் பிறப்புச் சான்றிதழ்களும் குடியுரிமைப் பத்திரங்களும் அங்கே படியெடுக்கப்பட்டுப் பொதுச் சேமிப்பகத்தில் வைக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரானவர்களின் வழிவந்தோர்க்கு ஒரு தாளின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அச்சேமிப்பகத்தில் எஞ்சியுள்ள இடத்தை இரவுதோறும் அளந்தறிய, பவர்ஷெல்லில் கட்டளைநிரலொன்று எழுதினோம். விண்டோஸ் கணினி, வலையமைப்பு வழியே இணைந்த இயக்கிகளை 4 என்னும் வகையெண்ணாற் குறிக்கும். அவ்வகையினவற்றின் வெற்றிடத்தைப் பைட்டுகளிற் பெற்று 1,073,741,824ஆல் வகுத்தோம். கிகாபைட்டுக் கணக்குக் கிடைத்தது. வெற்றிடம் பத்து விழுக்காட்டிற் குறையின் எமக்கு மின்னஞ்சல் வரவேண்டும் என்பது ஏற்பாடு. மடல் வாராமையால் யாவும் நலமென்றிருந்தோம்.

ஒருநாள் சேமிப்பகம் நிரம்பிற்று. அன்றைய படிகள் பதியவில்லை. மூலப் பத்திரங்களோ உரியவரிடம் மீண்டுவிட்டன. வெலிமடைப் பகுதி மூதாட்டி ஒருவரிடம் யாமே சென்று அவற்றை மறுபடியும் வேண்டி நின்றோம். "மொதல்ல குடுத்தது என்னாச்சு, தம்பி?" என்று அவர் கேட்டபோது எமக்கு விடையில்லை.

பிழையை ஆராய்ந்தோம். இயக்கிக்கு நாம் இட்டிருந்த எழுத்து, எம் பெயரால் உட்புகுந்த வேளையில் மாத்திரமே இருந்தது. இரவிலே நிரல் வேறொரு கணக்கின் பெயரால் இயங்கியது. அதன் கண்ணுக்கு அவ்வியக்கி இல்லை. அளக்க ஒன்றுமின்மையால் எச்சரிக்க ஒன்றுமில்லை என்று அடங்கிவிட்டது. அம்மௌனத்தை யாம் நலச்செய்தியாக வாசித்தோம். தந்தையார் அஞ்சிய வெறுங்கட்டம் அதுவே.

பின்னர், வழங்கியிடமே நேரில் வினவுமாறு நிரலைத் திருத்தினோம். குறைந்தாலும் குறையாவிடினும் காலைதோறும் தொகையை எழுதியனுப்பச் செய்தோம். விடை கிடையாவிடின் அதனையே முதல் அபாயமாகக் கொள்கின்றோம்.

கணினித்துறை புகும் எம் கல்லூரி இளையோர்க்கு ஒன்று சொல்வோம்: நிரலை எழுதியபின், அது பேசாதிருக்கும் நாளில் என்ன பொருள் கொள்வீர் என்பதையும் முன்னரே எழுதி வையுங்கள்.