வாடகை உடையும் வாடகை வீடும்

கருநீலக் கிமோனோ; இடுப்பில் ஒடுங்கிய கச்சை; காலில் மரச்செருப்பு; முகம் மட்டும் ஓசூர் முகம்! படத்தில் இருப்பவன் நான்தான். தொழிற்சாலை அனுப்பிய பயிற்சிக்காக ஜப்பான் சென்றிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கியோட்டோ நகரில் எடுத்த படம். வீட்டார் எல்லோரும் பார்த்துச் சிரித்தனர். அப்பா சிரிக்கவில்லை.

"இதை உடுத்த யாரிடம் உத்தரவு வாங்கினாய்?" என்று கேட்டார்.

வேடிக்கையான கேள்விதான். ஆனால் வேடிக்கைக்காகக் கேட்ட கேள்வியன்று.

கியோட்டோவில் கியோமிசுக் கோவிலுக்கு ஏறும் சரிவுத் தெருக்களில் கிமோனோவை வாடகைக்குத் தரும் கடைகள் ஏராளம். காலையில் உடுத்திக்கொண்டு ஊர் சுற்றலாம். மாலையில் கடை அடைக்குமுன் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். கட்டணம் சில ஆயிரம் யென். உள்நாட்டு இளைஞருக்கும் உண்டு, வெளிநாட்டாருக்கும் உண்டு. கிமோனோ என்ற சொல்லுக்கே 'உடுக்கும் பொருள்' என்பதுதான் பொருள். அதற்குமேல் அதில் மந்திரமும் இல்லை, மகத்துவமும் இல்லை.

கடையிலிருந்த அம்மையார் என் உயரத்தைக் கேட்டார், காலளவைக் கேட்டார். பிறப்பைக் கேட்கவில்லை! நான் அறியாமல் வலப்பக்கத்தை மேலே மடித்துவிட்டேன். பதறிப்போய் மாற்றிக் கட்டினார். இடப்பக்கம்தான் மேலே வரவேண்டுமாம். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறையாம்! இந்த மடிப்பின் வேரைத் தேடினால், கி.பி. 719-இல் அந்நாட்டு அரசவை மக்களுக்கு இட்ட ஆணையில் போய் நிற்கிறது. ஆணை பழகி வழக்கமாயிற்று. வழக்கம் முற்றி அச்சமாயிற்று. நம் நாட்டுச் சாத்திரங்களின் கதை மட்டும் வேறா?

அங்கும் உடை என்றும் விருப்பப்படி இருந்ததில்லை. 1603 முதல் 1868 வரை நடந்த தொகுகாவா ஆட்சியில், இன்னார் இன்ன துணிதான் உடுத்தலாம் என்று சட்டம் இருந்தது. உழவனுக்குப் பட்டு விலக்கு. இன்று அந்த வேலி இல்லை. விரும்பினால் உடுத்தலாம், வேண்டாமென்றால் கழற்றலாம். அப்படிப்பட்ட உடை அழகு தரும், அடிமைத்தனம் தராது.

என் தாத்தாவின் உடை அப்படிப்பட்டதன்று. பெரிய தெருவுக்குள் நுழையும்போது அவருடைய தோள்துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால் உதை. 1960களில் ஒரு நாள், கழகக் கூட்டம் கேட்டுத் திரும்பிய என் அப்பா, துண்டைத் தோளிலிருந்து எடுக்காமலே அந்தத் தெருவில் நடந்தார். அன்றிரவு வீட்டில் அடுப்பு எரியவில்லை, அச்சம் எரிந்தது. ஆனாலும் துண்டு மீண்டும் இறங்கவில்லை. ஒரு முழத் துணிதான். அதற்குள் எத்தனை தலைமுறையின் மானம்! திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கவே போராட வேண்டியிருந்ததே! 1859-இல் வந்த அரசாணைகூட, மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக்கூடாது என்ற முள்ளோடுதான் வந்தது. அப்பா கேட்ட கேள்வியின் பொருள் இதுதான்.

அப்படியானால் ஜப்பான் சமத்துவப் பூங்காவா? அவசரப்படாதீர்கள், தோழர்களே! தோல் பதனிடுவோர், விலங்கறுப்போர் ஆகியோரைத் தீட்டுடையோர் என்று ஒதுக்கிய நாடுதான் அதுவும். 1871-இல் சட்டம் அவர்களை விடுவித்தது; சமூகம் விடுவிக்கவில்லை. புராக்கு மக்கள் எனப்படும் அவர்கள் 1922 மார்ச் 3-ஆம் நாள் ஒன்றுகூடி, சமநிலை காணச் சுயிஹெய்ஷா என்ற இயக்கத்தைத் தொடங்கினர். எங்கே? நான் உடை வாடகைக்கு எடுத்த அதே கியோட்டோவில்! நம் சுயமரியாதை இயக்கத்துக்கு மூன்றாண்டுகள் மூத்த இயக்கம் அது.

உடையில் அடையாளம் அழிந்ததும் இழிவு எங்கே ஒளிந்தது தெரியுமா? முகவரியில்! புராக்குக் குடியிருப்புகளின் பெயர்களைத் தொகுத்த பட்டியல்கள் மறைவாக விற்கப்பட்டன. வேலைக்கு வருவோரை வடிகட்டப் பெரிய நிறுவனங்களே அவற்றை வாங்கியிருந்தன. இது 1975-இல் அம்பலமாயிற்று. பாகுபாட்டை ஒழிக்க 2016-இலும் அந்நாடு தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஓசூர் நினைவு வந்தது. தொழிற்பேட்டையில் எங்கள் எல்லோருக்கும் ஒரே சீருடை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லை ஊர். யார் எவர் என்று உடை சொல்லாது. அந்தச் சீருடையோடு ஒரு மாலை வாடகைக்கு வீடு பார்க்கச் சென்றேன்.

"எந்த ஊர், தம்பி?"

சொன்னேன்.

"அந்த ஊரில் எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன்.

"அடடா, நேற்றுத்தானே வேறொருவருக்குப் பேசி முடித்தோம்!"

'வாடகைக்கு விடப்படும்' என்ற பலகை அடுத்த வாரமும் அங்கேயே தொங்கியது.

இதைச் சிறு மனக்குறை என்று தள்ளிவிடாதீர்கள். தெருவைக் கேட்கும் நாவுக்கும், சாதி கடந்து மணந்த இளம் இணையரை 2018-இல் ஓசூரிலிருந்து கடத்திக் கொன்று காவிரியில் வீசிய கைக்கும் ஊட்டம் ஒன்றுதான்.

கிமோனோவை மாலையில் கழற்றிக் கொடுத்துவிட்டேன். அப்பா தோளில் ஏற்றிய துண்டு இன்னும் இறங்கவில்லை. கழற்ற வேண்டியது இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. அது நம் உடலில் இல்லை, கேட்பவர் உள்ளத்தில் இருக்கிறது.

இளந்தோழர்களே! மேடையில் சாதி ஒழிக என்று முழங்குவது எளிது. உங்கள் வீட்டு வாசலிலும் அந்தப் பலகை தொங்கும் நாள் வரும். அன்று பெற்றோருக்கு முன்னே நீங்கள் போய் நில்லுங்கள். வாடகையைச் சொல்லுங்கள், முன்பணத்தைக் கேளுங்கள். தெருவைக் கேளாதீர்கள்; கேட்கவும் விடாதீர்கள்!